டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத ஒரு மாத்திரை

அப்பத்தாவுக்குச் சிறுநீரகத்தில் தொற்று. நடுக்கத்தோடு காய்ச்சல், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அட்மிஷன், யூரின் கல்ச்சர். ஈ.கோலை கிருமி, அதுவும் ஈ.எஸ்.பி.எல். ரகம், வழக்கமாகப் போடும் ஆன்டிபயாடிக்கான செஃப்ட்ரியாக்சோனுக்குக் கேட்காது என்று ரிப்போர்ட் வந்தது. எர்டாபெனெம் ஊசிக்கு மாற்றினார்கள், காய்ச்சல் விட்டது. இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே, மீதியை உங்க ஊர்லயே போட்டுக்கலாம்" என்று இரண்டு மூன்று வயலை (ஊசி மருந்துப் பொடி இருக்கும் சின்னக் குப்பி) கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கும் நிம்மதி. பள்ளத்தூரில் வந்து இறங்கிய பிறகுதான் சம்மரியை ஒழுங்காகப் பார்த்தோம். எர்டாபெனெம் 1 கிராம், ஐ.வி. (நரம்பு வழியாக), தினம் ஒன்று, தொடரவும். அவ்வளவுதான். எதில் கலக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஏற்ற வேண்டும், எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி இல்லை. கிளம்பும் முன்பே இதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பில் கட்டி முடித்துவிட்டால் போனில் பிடிப்பது கஷ்டம், "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காரு", அதுவும் இல்லையென்றால் "புது ஓ.பி. சீட்டு போட்டு நேர்ல வாங்க".

முதலில் போன கிளினிக்கில், வெளியில் வாங்கிய ஊசியைப் போடுவதில்லை என்று கையை விரித்தார்கள். அப்போது ஆத்திரமாக வந்தாலும், அதில் நியாயம் உண்டு. பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகைகளுக்குக் கடுமையான அலர்ஜி வந்தவர்களுக்கு இந்த ஊசியிலும் ஆபத்து வரலாம். மூச்சுத் திணறினால் அட்ரினலின் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் முதல் டோஸை மருத்துவமனையிலேயே போட வேண்டும் என்பார்கள். எங்களுக்கு அது மதுரையிலேயே முடிந்திருந்தது, ஆனால் அதைச் சொல்லக்கூட சம்மரியில் இடமில்லை.

அடுத்த இடத்தில் உடனே சம்மதித்தார்கள். சிஸ்டர் படபடவென்று ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலை மாட்டிவிட்டார். நல்லவேளை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை ஆட்டோவில் வரும்போதே படித்திருந்தேன். எர்டாபெனெமை டெக்ஸ்ட்ரோஸில் கலக்கவே கூடாது, நார்மல் சலைன்தான். பொடியை முதலில் 10 மில்லி ஊசித் தண்ணீரில் நன்றாகக் குலுக்கிக் கரைத்து, பிறகு சலைனில் சேர்த்து, 30 நிமிடம் ஏற்ற வேண்டும். கலந்ததை வெளியே வைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். "நீங்க என்ன டாக்டரா?" என்றார் சிஸ்டர். காகிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, "அப்ப இடுப்புலயே போட்டுடலாமே" என்றார். தசையில் போடவும் வழி இருக்கிறதுதான், ஆனால் அதற்கு லிக்னோகெய்னில் கரைக்க வேண்டும், அப்படிக் கரைத்ததை நரம்பில் ஏற்றவே கூடாது. எழுதிக் கொடுத்தது ஐ.வி. கும்பிடு போட்டுவிட்டு வயலோடு திரும்பினோம். அன்றைய டோஸைக் காரைக்குடியில் ஒரு நர்சிங் ஹோமில் போட்டு முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

கையில் இருந்த வயல் தீர்ந்ததும் நாங்கள் வாடிக்கையாக மருந்து வாங்கும் கடைக்குப் போனேன். வாட்ஸ்அப்பில் இருந்த சீட்டின் போட்டோவைக் காட்டினால் தர முடியாது என்றுவிட்டார் கடைக்காரர். இது எச்1 பட்டியல் மருந்து. 2014 மார்ச்சிலிருந்து நாடு முழுக்க நடப்பில் இருக்கிற விதி. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். வெயிலில் ஒரு நடை வீண். அசல் சீட்டோடு திரும்பிப் போனால், எழுத ஆரம்பித்தவர் பேனாவை நிறுத்திவிட்டார்.

"தம்பி, ஆத்தாவுக்கு மாசாமாசம் வால்ப்ரோயேட் எங்கிட்டதானே வாங்குறீக? இந்த லிஸ்ட்ல அதைக் காணோமே?"

பக்கவாதம் வந்த பிறகு அப்பத்தாவுக்கு எழுதிக் கொடுத்த ஃபிட்ஸ் மாத்திரை அது. அட்மிஷன் அன்றைக்கே எல்லா அட்டைகளையும் கவரில் போட்டு வார்டில் கொடுத்தோம். சம்மரியில் பிரஷர் மாத்திரை இருக்கிறது, சர்க்கரை மாத்திரை இருக்கிறது, இது மட்டும் இல்லை. எர்டாபெனெம், மெரோபெனெம் போன்ற கார்பபெனெம் மருந்துகள் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவைச் சடாரென்று இறக்கிவிடும் என்று அவர் சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. அங்கிருந்தே காரைக்குடியில் அப்பத்தாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் வால்ப்ரோயேட் ஒரு மில்லிக்கு 50லிருந்து 100 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டியது, பாதிகூட இல்லை. வால்ப்ரோயேட்டை இன்னும் கூட்டிக் கொடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்டேன். இந்த ஊசி ஓடும்வரை அதை நம்ப முடியாது என்று சொல்லி, லெவெடிராசெட்டம் என்ற இன்னொரு ஃபிட்ஸ் மாத்திரையைச் சேர்த்தார். கிரியாட்டினினும் பார்த்தார், சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் எர்டாபெனெமையே 500 மில்லிகிராமாகக் குறைக்க வேண்டுமாம், அப்பத்தாவுக்கு அந்த நிலை இல்லை. மதுரை டாக்டரிடம் அவரே பேசி, நிறுத்தும் தேதியையும் வாங்கிக் கொடுத்தார். டாக்டர் கேட்டால் மட்டும் லைன் கிடைக்கிறது!

அவர் ஒப்புதலோடு மீதி டோஸ்களை வீட்டிலேயே போட்டோம். எங்கள் தெருவில் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். வளவில் ஊஞ்சல் சங்கிலியைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் பாட்டிலைத் தொங்கவிட்டார். "ஊஞ்சலைக் கழட்டிப்புட்டுப் பாட்டிலைக் கட்டுறீகளே" என்று அப்பத்தா தினமும் ஒரு பாட்டம் புலம்புவார். 100 மில்லி சலைன் அரை மணி நேரத்தில் இறங்க வேண்டுமென்றால், சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 65 சொட்டுக்கு மேல் வரும். சிஸ்டர் வாட்ச்சைப் பார்த்து எண்ணி வைப்பார். பார்க்க வருகிற சொந்தக்காரர் யாராவது "என்னத்தா இம்புட்டு வேகமா ஓடுது" என்று சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் திருகிவிடுவார். கடைசியில் அதன் மேலே பிளாஸ்திரி ஒட்டி, தொடாதீர்கள் என்று எழுதினேன்.

வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கை நரம்பில் குத்தி வைக்கும் சின்னக் குழாய்) குத்திய தேதியைக் கையில் ஒட்டிய பிளாஸ்திரியிலேயே எழுதி வையுங்கள். அந்த இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ அன்றைக்கே மாற்ற வேண்டும். அப்பத்தாவுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. மருந்து ஏற்றும் முன் வென்ஃப்ளானின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைக்காமல் விடாதீர்கள். தண்ணீராக வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால், ஊசி முடிந்து சில வாரம் கழித்து வந்தாலும், டாக்டரிடம் காட்டுங்கள். நாமாக மாத்திரை வாங்கிக் கொடுத்து நிறுத்தப் பார்க்கக் கூடாது. ஊசிகளை மூடி போட்ட கெட்டியான டப்பாவில் சேர்த்து நர்சிங் ஹோமில் கொடுத்துவிட்டோம், குப்பை எடுக்க வருகிறவர் கையில் குத்தக் கூடாது.

கடைசி டோஸ் முடிந்த அன்றே லெவெடிராசெட்டத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்கு டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஊசி நின்ற பிறகும் வால்ப்ரோயேட் அளவு பழையபடி ஏற ஒன்றிரண்டு வாரம் ஆகலாமாம். அதனால் இப்போதைக்கு இரண்டு மாத்திரையும் ஓடுகிறது, அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும். ஊஞ்சலை மாட்டியாகிவிட்டது.