கேஸ் இல்ல, கல்லு

பித்தப்பைய ஒப்பரேசன் செஞ்சி எடுத்து, ஆசுப்பத்திரில டிக்கட் வெட்டி வீட்ட வந்து இண்டையோட பன்னிரண்டு நாள். வயித்தில நாலு சின்னத் தழும்பு, மேசையில ஒரு சின்னப் போத்தல், அதுக்குள்ள பதினொரு கல்லு. பெரிசு கச்சான் கொட்டை அளவு, மத்ததெல்லாம் மிளகு மாதிரி, மஞ்சளும் மண்ணிறமுமா. வாறவங்க எல்லாம் தூக்கி ஆட்டிப் பாக்காங்க. எனக்கெண்டா அதப் பாக்கப் பாக்கக் கோவம்தான் வருது. இதெல்லாத்தையும் உள்ளுக்க வச்சிக்கிட்டு ஒன்றரை வருசமா இஞ்சித் தண்ணியும் சோடாவும் குடிச்சிருக்கன்.

நான் மட்டக்களப்புப் பக்கம் மண்டூர். எங்கட ஊரில கந்தசஷ்டி எண்டா எப்படியெண்டு கிழக்கில ஆருக்கும் சொல்லத் தேவல்ல. அந்த வருசம் ஆறு நாளும் இறுக்கமாப் பிடிச்சன். அதுக்கு முதலே மெலியணும் எண்டு காலச் சாப்பாட்ட விட்டு நாலஞ்சு மாசத்தில பதினொரு கிலோ குறைச்சி வச்சிருந்தன், ஆக்கள் எல்லாம் நல்லா மெலிஞ்சிட்டாய் புள்ள எண்டு சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை வேற. பாரணை அண்டு முதல் பாலில வச்ச கறி, வடை, பாயாசம் எண்டு ஒரு பிடி பிடிச்சன், ரெண்டு மணித்தியாலம் போகல்ல, மேல் வயித்தில ஆரோ கையப் போட்டு முறுக்கிற மாதிரி ஒரு குத்து. வலது விலாவுக்குக் கீழ தொடங்கி பின்னால வலது தோளுக்குக் கீழ வரைக்கும் இழுக்குது. படுத்தாலும் இல்ல, இருந்தாலும் இல்ல, குனிஞ்சாலும் இல்ல. சத்தி வேற. மூண்டு மணித்தியாலம் அப்படி. மறுகா வந்த மாதிரியே போயிட்டு, அடுத்த நாள் நான் வழமை போல சமைக்கன்.

இதுதான் இந்த வருத்தம் ஆக்கள ஏமாத்திற விதம். போயிட்டா ஒண்டுமே இல்லாத மாதிரி இரிக்கும்.

மாமி சொன்னா, "பட்டினி கிடந்த வயிறு புள்ள, வாய்வு ஏறிட்டு." உள்ளி சுட்டுத் தந்தா, நானும் தின்டன். ரெண்டாந்தரம் வந்தப்போ டிஸ்பென்சரில காட்டினன், கேஸ்ட்ரைட்டிஸ் எண்டு ஒமிப்ரசோல் தந்தாங்க. மூண்டாந்தரம் இவருக்குப் பயம் பிடிச்சி நெஞ்சு வருத்தமோ எண்டு ஈசிஜி எடுக்கக் கூட்டிப் போனார், அது நல்லம். எக்ஸ்ரேயும் ஒண்டு எடுத்தாங்க, அதிலயும் ஒண்டும் இல்ல. அப்ப எனக்குத் தெரியாது, பித்தப்பைக் கல்லில பெரும்பாலானது எக்ஸ்ரேல தெரியவே தெரியாதாம். கல்சியம் சேந்த கொஞ்சக் கல்லுதான் தெரியும். நான் அந்தப் படத்த வச்சிக்கிட்டு எனக்குக் கல்லும் இல்ல மண்ணும் இல்ல எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சன்.

டொக்டர்மாரையும் முழுக்கக் குறை சொல்ல ஏலாது. வயித்துக் குத்து எண்டுதான் ஒவ்வொருக்காவும் சொன்னன். பின்னால தோளுக்குக் கீழ இழுக்குது, எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருது, ராவில வருது, இந்த மூண்டையும் ஒரு நாளும் சேத்துச் சொல்லல்ல. சொல்லியிருந்தா முதல் நாளே ஸ்கேனுக்கு எழுதியிருப்பாங்க எண்டு பிறகு பெரிய டொக்டர் சொன்னார்.

இனி நான் செஞ்ச பெரிய மடத்தனத்துக்கு வாறன். மச்சாள் ஒருத்தி வாட்சப்பில ஒரு வீடியோ அனுப்பினா, அப்ப ஆரும் எனக்குக் கல்லு எண்டு சொல்லவும் இல்ல, அவதான் "உனக்குக் கல்லாத்தான் இரிக்கும்கா, இதக் குடி, எல்லாம் வெளிய வந்திரும்" எண்டா. ஒலிவ் எண்ணெய் அரைக் கிளாஸ், தேசிக்காய்ச் சாறு அரைக் கிளாஸ், படுக்கப் போகக்குள்ள ஒரே மூச்சில குடிக்கணுமாம், விடிய பச்சைப் பச்சையாக் கல்லு போகுமாம். வருத்தத்தக் கண்டுபிடிச்சதில அவள் கெட்டிக்காரிதான், மருந்துதான் ஆளக் கொல்லப் பாத்திச்சி.

ஏனெண்டு பிறகுதான் விளங்கிச்சி. பித்தத்தச் செய்யிறது பித்தப்பை இல்ல, ஈரல். ஒரு நாளைக்கு அரை லீற்றர் தொடக்கம் ஒரு லீற்றர் வரைக்கும் செய்யும். பித்தப்பை ஈரலுக்குக் கீழ ஒட்டிக்கிட்டுக் கிடக்கிற ஒரு சின்னப் பை, 30 - 50 மில்லி கொள்ளும், அவ்வளவுதான். சாப்பாடு இல்லாத நேரம் பித்தத்த வாங்கி, தண்ணிய உறிஞ்சி, தடிப்பாக்கி வச்சிருக்கும். நாம கொழுப்பா ஏதும் தின்டு அது சிறுகுடலுக்கு வந்தோடன குடல் ஒரு ஹோமோன அனுப்பும், அது வந்தா பை இறுகிப் பிழிஞ்சி பித்தத்த விடும். சட்டில எண்ணெய்ப் பிசுக்கச் சவுக்காரம் எப்படிப் பிரிக்குமோ அப்படிக் கொழுப்பப் பிரிச்சிக் குடுக்கிறது பித்தம். இப்ப யோசிச்சிப் பாருங்க, பைக்குள்ள கல்லு கிடக்கு, நான் அரைக் கிளாஸ் எண்ணெய உள்ளுக்க ஊத்துறன். பை தன்ட பலத்துக்குப் பிழியுது. கல்லு வந்து வாசல்ல இறுகுது.

ராப் பன்னிரண்டரைக்குத் தொடங்கிச்சி. அந்த நேரம் வாவியக் கடந்து குருமண்வெளிக்குப் போற மிதவைப் பாதை ஏது? இவர் ஓட்டோ பிடிக்க ஒரு மணித்தியாலம், வெல்லாவெளியால சுத்தி, பட்டிருப்புப் பாலத்தால அங்கால ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேரக்குள்ள நான் நாலு தரம் சத்தி எடுத்திட்டன். ஓட்டோக்காரத் தம்பி ஒவ்வொரு பள்ளத்துக்கும் "அக்கா மன்னிச்சிக்கங்க" எண்டு சொல்லிக்கிட்டே ஓடினார், அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

அங்க ஒரு இளம் டொக்டர். வலது விலாவுக்குக் கீழ விரல வச்சி அமத்திக்கிட்டு "அம்மா, மூச்ச நல்லா இழுங்க" எண்டார். இழுக்கப் போனன், பாதியில மூச்சு நிண்டிட்டு, கத்திட்டன். அவர் தலைய ஆட்டிட்டு, கண்ணக் கீழ இழுத்துப் பாத்து, சலம் கடும் மஞ்சளாப் போகுதா, மலம் வெள்ளையாப் போகுதா, நடுங்கிக் காய்ச்சல் வந்ததா எண்டு கேட்டார். ஒண்டும் இல்ல எண்டன். நல்ல காலம் எண்டார். கல்லு பையில இருந்து வழுகிப் பித்தக் குழாய்க்குள்ள போனா கண் மஞ்சளாகுமாம், இன்னும் கீழ போய் கணையத்துக் குழாயும் சேருற வாசல்ல அடைச்சா கணையம் அழன்டு ஆளுக்கே ஆபத்தாம். அதனால கண் மஞ்சள், நடுக்கத்தோட காய்ச்சல், ஆறு மணித்தியாலம் போயும் அடங்காத குத்து, இதில ஒண்டு வந்தாலும் விடியட்டும் பாப்பம் எண்டு இருக்காதீங்க. பாதை இல்லாட்டி சுத்திப் போங்க.

விடிய ஏதோ பச்சையாப் போனதுதான். மச்சாள் போன் எடுத்து "பாத்தியா, கல்லு போயிட்டு" எண்டா. அது கல்லே இல்லையாம், குடிச்ச எண்ணெயும் சாறும் வயித்துக்குள்ள சேந்து சவுக்காரம் மாதிரிக் கட்டியாகி வாறதாம்.

அடுத்தது ஸ்கேன். டவுன்ல ஒரு இடத்தில (பேர் வேணாம்) நம்பர் எடுத்து, முதல் பாதையில ஏறி, அக்கரையில இறங்கினோடன கடையில ஒரு பால் தேத்தண்ணி. வெறும் வயித்தோட வரணும் எண்டு நம்பர் எழுதின புள்ள சொல்லவே இல்ல. ரெண்டரை மணித்தியாலம் காத்திருந்து உள்ளுக்கப் போனா, டொக்டர் கருவிய வச்சி அங்க இஞ்ச தேடிட்டு "காலைல என்ன குடிச்ச?" எண்டார். பால் தேத்தண்ணி எண்டன். பாலில கொழுப்பு, பை சுருங்கிட்டு, ஒண்டும் தெளிவாத் தெரியல்ல, நாளைக்கு வாங்க. வெளிய வந்து அந்தப் புள்ளட்ட கேட்டா "எல்லாருக்கும் தெரியும்தானே அன்ரி" எண்டு சிரிக்கிது. எனக்குத் தெரியாது மகள், தெரிஞ்சா நான் ஏன் குடிக்கன்? பித்தப்பை ஸ்கேனுக்கு ஆறு, எட்டு மணித்தியாலம் ஒண்டும் தின்னாம இரிக்கணும், பை நிரம்பிப் பலூன் மாதிரி இருந்தாத்தான் உள்ளுக்க கிடக்கிறது தெரியும். அடுத்த நாள் திரும்பவும் பாதை, திரும்பவும் பஸ். கனக்கக் கல்லு, பெரிசு 14 மில்லி மீற்றர், குழாய் வீங்கல்ல.

கிளினிக் சுகமா முடிஞ்சிது. பெரிய டொக்டர் நல்ல மனிசன், பட்டினி கிடந்தா பை பிழியாமப் பித்தம் தேங்கித் தடிக்கும், சடாரெண்டு மெலிஞ்சா பித்தத்தில கொலஸ்ட்ரோல் கூடும், ரெண்டும் சேந்தா கல்லு கட்டுறது லேசு எண்டு படம் கீறிக் காட்டினார். குத்தே வராத கல்லுக்கு அனேகமா ஒப்பரேசன் தேவல்லையாம். எனக்கு அடிக்கடி வாறதால எடுக்கத்தான் வேணும் எண்டு மூண்டு மாசத்தில திகதி தந்தார்.

அந்தத் திகதிக்கு உடுப்பு, சோப்பு, வாளி எல்லாம் கட்டிக்கொண்டு வாட்டில மறிக்கப் போனா, மேசையில இருந்தவர் கிளினிக் கொப்பியப் புரட்டிட்டு "ஸ்கேன் ரிப்போர்ட் எங்க?" எண்டார். கிளினிக்கில தந்தனான், நீங்கதான் வாங்கி வச்ச எண்டன். "இதுக்க இல்ல." போன்ல படம் இரிக்கு எண்டு காட்டினன். நிமிந்து பாக்கவும் இல்ல. "போன்ல காட்டுறத நாங்க எடுக்கிறல்ல, ஒறிஜினல் கொண்டாங்க." பிறின்ட் எடுத்துக்கொண்டு வாறன் எண்டு கெஞ்சி, வெளிய ஓடி, போட்டோக்கொப்பிக் கடை தேடி, வரிசையில நிண்டு எடுத்துக்கொண்டு வந்தா ஆள் சாப்பிடப் போயிட்டார். அவர் திரும்பி வரக்குள்ள அடுத்த நாள் ஒப்பரேசன் லிஸ்டு முடிஞ்சிது. அஞ்சு கிழமை கழிச்சி வாங்க. வாளியோட திரும்பி வந்த அந்தப் பாதைப் பயணம் இரிக்கே, தண்ணியப் பாத்துக்கிட்டு அழுதுக்கிட்டே வந்தன். அந்த அஞ்சு கிழமைக்குள்ள ரெண்டு தரம் குத்து வந்திச்சி, அதுக்கு ஆர் பொறுப்பு?

ரெண்டாந்தரம் நான் வேற ஆள். பிளாஸ்டிக் பைல் ஒண்டு வாங்கி, ஸ்கேன் மூண்டு கொப்பி, பிளட் குறூப், ஈரல் டெஸ்ட், ஈசிஜி, அடையாள அட்டைக் கொப்பி எல்லாம் அடுக்கி வச்சன். அதே ஆள்தான். ஸ்கேன் கேட்டார், வச்சன். பிளட் குறூப் கேட்டார், வச்சன். ஈசிஜி கேட்டார், வச்சன். கொஞ்ச நேரம் யோசிச்சார், கேக்க வேற ஒண்டும் கிடைக்கல்ல, சீல குத்திட்டார். ஒப்பரேசன் முடிஞ்ச சந்தோசத்த விட எனக்கு அதுதான் பெரிசு.

காணாமப் போன ஒறிஜினல் எங்க இருந்தது தெரியுமா? என்ட பேரிலயே வேற ஒரு அம்மா, அவட கொப்பியில ஒட்டிக் கிடந்திச்சி, வாட்டில பக்கத்துக் கட்டில்ல அவ வந்து படுத்தப்போதான் தெரியும். ரெண்டு பேரும் சிரிச்சம். பிறகு யோசிக்க உடம்பு நடுங்கிட்டு. ஒட்டுற துண்டு ஒவ்வொண்டிலயும் உங்கட வயசும் கிளினிக் நம்பரும் இரிக்கா எண்டு நீங்களே பாருங்க.

ஒப்பரேசனப் பத்திச் சொல்ல ஒண்டும் இல்ல. தேவையெண்டா பெரிசாக் கீறுவம் எண்ட தாளில கையெழுத்து வாங்கினாங்க, மயக்குற டொக்டர் பேர் கேட்டார், கண் முழிக்கக்குள்ள வாட்டு. ஆனா ஒருத்தரும் சொல்லாத ஒண்டு: அண்டு பின்னேரம் வயித்த விடத் தோள்தான் செத்தன் எண்ட மாதிரி நொந்திச்சி. நெஞ்சு வருத்தம் வந்திட்டு எண்டு நேர்ஸ் மிஸ்ஸக் கூப்பிட்டுக் கத்தினன். அவ சிரிச்சிக்கிட்டு, கமராவ உள்ளுக்க விடுறதுக்கு வயித்தக் காபனீரொட்சைட்டால ஊதுவம், மிச்சக் காத்து மேல ஏறி, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில இரிக்கிற பிரிமென்தகட்ட உறுத்தினா அதே நரம்பால தோளிலயும் நோகும், எழும்பி நடங்க எண்டா. நடந்தன், ரெண்டு நாளில போயிட்டு.

வீட்ட வந்தா மாமி சாப்பாடு தரப் பயப்பிடுறா. பித்தப்பை இல்லாம மனிசர் எப்படிச் சீவிக்கிற எண்டு. மகன் போன்ல தேடி, 1882ல பேர்லின்ல லாங்கன்புக் எண்ட டொக்டர் முதல் முதலா ஒருத்தருக்குப் பித்தப்பைய எடுத்திரிக்கார், அந்த மனிசனுக்கு 43 வயசு, சுகமாகி வீட்டுக்குப் போயிட்டார் எண்டு வாசிச்சிக் காட்டினான். எனக்கும் 43. ஈரல் வேலை செய்யுது மாமி, பித்தம் தேங்காம நேரா குடலுக்கு ஒழுகும், அவ்வளவுதான் எண்டன். அவ யோசிச்சிட்டுச் சொன்னா, "அப்ப இனி உனக்குப் பித்தம் தலைக்கு ஏறாது, நல்லம்." எனக்குச் சிரிப்பு வந்து தையல் இழுத்திட்டு.

முதல் கிழமை எண்ணெய் பட்டாலே கக்கூசுக்கு ஓட்டம்தான், இப்ப குறைஞ்சிட்டு. கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடச் சொன்னாங்க, சொதி ரெண்டாம் பாலிலதான் வைக்கன், எருமைத் தயிரப் பாத்து மட்டும் பெருமூச்சு விடுறன்.

ஒண்டு மட்டும் மிச்சம். வெட்டின பைய டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க, அந்த ரிப்போர்ட்ட நாமதான் கேட்டு எடுக்கணும், கனபேர் கல்லு போயிட்டுத்தானே எண்டு எடுக்கிறதே இல்லையாம். வாற செவ்வாய்க்கிழமை முதல் பாதையில போறன். பைல் கட்டி வச்சிட்டன். அக்கரைக் கடையில இந்த முறை தாராளமாப் பால் தேத்தண்ணி குடிக்கலாம்.