இன்வேரியன்ட் மாஸும் என் 6.25 மார்க்கும்

இயற்பியல் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்தாச்சு, ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. போன தடவை இரண்டே மார்க்கில் நழுவியது, அதுவும் 5 மார்க் கேள்விகள் வரும் பார்ட் சி-யில் ஒரே ஒரு கேள்வியால். வரவேண்டிய 5 வரவில்லை, நெகட்டிவில் இன்னொரு 1.25 வெட்டு. படிக்கிற டைம்டேபிள் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், என் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் அடங்கட்டும்.

நிற்கிற புரோட்டான் மேல் இன்னொரு புரோட்டானை மோதவிட்டு, புதிதாக ஒரு புரோட்டான், ஒரு எதிர்ப்புரோட்டான் (அதே நிறை, எதிர் மின்சுமை) வரவைக்க வேண்டும். குறைந்தபட்ச இயக்க ஆற்றல் எவ்வளவு? இந்த ரகம்தான். புதிதாக வருவது இரண்டு துகள், அப்படியானால் இரண்டு புரோட்டான் நிறை, 1.88 ஜிஇவி (துகள் இயற்பியலில் ஆற்றலுக்கும் நிறைக்குமான அலகு) என்று போட்டேன். ஆப்ஷனிலும் அது இருந்தது, சந்தோஷமாக கிளிக் பண்ணிவிட்டு நகர்ந்தேன். சரியான விடை ஆறு புரோட்டான் நிறை, அதாவது 5.63 ஜிஇவி.

மோதி முடிந்ததும் எல்லாம் அப்படியே நின்றுவிட முடியாதே! வந்த உந்தம் எங்கே போகும்? பழைய இரண்டும் புதிய இரண்டுமாக நாலு துகளும் சேர்ந்து முன்னால் ஓடியாக வேண்டும். அந்த ஓட்டத்துக்கான ஆற்றலையும் சேர்த்தே கொடுக்கணும். அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஒளிவேகத்தை 1 என்று வைத்தால், (மொத்த ஆற்றல்)² − (மொத்த உந்தம்)². எந்த ஃபிரேமில், அதாவது எந்தப் பார்வையாளர் இடத்தில், நின்று போட்டாலும் இது ஒரே எண், மோதலுக்கு முன்னும் பின்னும் அதே எண். வர்க்கமூலம் எடுத்தால் இன்வேரியன்ட் மாஸ். அதனால் முன்பக்கத்தை லேப் ஃபிரேமிலும் (ஒரு புரோட்டான் நிற்கிற நம் பார்வை) பின்பக்கத்தை சென்டர் ஆஃப் மாஸ் ஃபிரேமிலும் (மொத்த உந்தம் பூஜ்யமாகத் தெரிகிற பார்வை) போடலாம், தப்பே இல்லை. புரோட்டான் நிறை 1, வருகிற புரோட்டானின் ஆற்றல் ஈ என்று வையுங்கள்:

முன்: (ஈ + 1)² − உந்தம்² = 2ஈ + 2 (ஈ² − உந்தம்² = 1 என்பதால்)
பின்: சென்டர் ஆஃப் மாஸ் ஃபிரேமில் நாலும் நிற்கின்றன, 4² = 16
ஈ = 7. சொந்த நிறை 1 போக, 6.

அவ்வளவுதான். அமெரிக்காவின் பெர்க்லியில் பெவட்ரான் என்கிற துகள் முடுக்கியை 6 ஜிஇவிக்குச் சற்று மேலே போகும்படி கட்டியதும் இதனால்தான். 1955-ல் எதிர்ப்புரோட்டான் அங்கேதான் சிக்கியது.

ஒரு ஃபிரேமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற லோரென்ட்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்றாலே எனக்கு அலர்ஜி. இந்தத் தடவை பரீட்சையில் ஒரு முறைகூட எழுதவில்லை. பிடித்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றவை:

- வேகம் கூடினால் நிறை கூடும் என்று காலேஜில் படித்ததை மறந்துவிடுங்கள். என்னைக் கெடுத்ததே அதுதான்.
- நிறைகளைக் கூட்டாதீர்கள். ஆற்றலைத் தனியாக, உந்தத்தைத் திசையோடு தனியாகக் கூட்டி, கடைசியில்தான் வர்க்கம்.
- ஃபோட்டானுக்கு நிறை இல்லை, ஆனால் இரண்டு ஃபோட்டான் ஜோடிக்கு உண்டு. நிறை² = 2 × ஆற்றல்1 × ஆற்றல்2 × (1 − காஸ் கோணம்). தலா 135 எம்இவி, நடுவில் 60 டிகிரி: விடை 135 எம்இவி. பையான் ஜீரோ என்கிற துகளின் நிறை! 2012-ல் ஹிக்ஸ் துகளுக்கு 125 ஜிஇவி பக்கம் மேடு தெரிந்த ஃபோட்டான் ஜோடிக் கணக்கும் இதுவே. இரண்டும் ஒரே திசையில் போனால் பூஜ்யம்.
- எதிரெதிரே சம ஆற்றலில் மோதும் ஒரே வகைத் துகள்கள் என்றால் கணக்கே வேண்டாம், இரண்டு ஆற்றலையும் கூட்டினால் போதும். ஜெனீவா பக்கம் உள்ள எல்ஹெச்சி மோதுவியில் 2015–18-ல் 6.5 + 6.5 = 13 டிஇவி (1 டிஇவி = 1000 ஜிஇவி). அதே 13-ஐ நிற்கிற புரோட்டான் மேல் மோதி எடுக்க ஏறக்குறைய 90,000 டிஇவி வேண்டும். ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள், மேலே உள்ள அதே மூன்று வரிதான்.