பாட்டி முடிந்து வைத்த சக்கரம்

பாட்டியின் டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போதுதான் அந்த மஞ்சத்துணி முடிச்சு கிடைத்தது. அவிழ்த்தால் ஒற்றைச் செம்புச் சக்கரம், அந்தக் காலத்துத் திருவிதாங்கூர்க் காசு, ஒரு பக்கம் சங்கு. அம்மாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒன்றரை வயதில் தனக்கு டைபாய்டு கண்டபோது கேரள எல்லைக்குள் இருக்கும் ஆரியங்காவு அய்யனுக்குப் பாட்டி நேர்ந்து முடிந்து வைத்தது. பாட்டி செலுத்தாமலே போய்விட்டாள். "சாமி கடனோட நான் போகமாட்டேன்" என்றாள் அம்மா, 77 வயதில். கார்த்திகை பிறந்ததும் கிளம்பிவிட்டோம்.

முதலில் தென்காசி. விசுவநாதரைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் தொடங்காது. கோபுர வாசலில் அந்தக் காற்று வந்து மேலே மோதியதும் பாதி அலுப்பு போய்விட்டது, மீதியை "ஸ்பெஷல் தரிசனம் சார்" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகப் பின்னாலேயே வந்த ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மாவின் சின்ன வயதில் இது இடிந்துபோன மொட்டைக் கோபுரம், 1990-ல்தான் எழுந்து நின்றது. 1446-ல் கோயிலைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னால் இதற்கு ஒரு குறை வந்து அதைச் சரிசெய்பவர் யாரோ அவரைப் பணிகிறேன் என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். ராஜா சொல்கிற பேச்சா அது!

அங்கிருந்து செங்கோட்டை ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் பாட்டிக்குத் தென்காசி என்றால் வேற்று ராஜ்யம். அது வெள்ளைக்காரன் சீமை, செங்கோட்டை திருவிதாங்கூர். இங்கே சக்கரம், அங்கே ரூபாய், ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊர் நுழைவு வளைவில் மட்டும் திருவிதாங்கூர்ச் சங்கு அப்படியே இருக்கிறது. பஸ் அதைத் தாண்டும்போது அம்மா இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ரயிலில் போயிருக்கலாம், பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்தால் ஆரியங்காவுதான். நேரம் ஒத்துவரவில்லை. எல்லைச் சோதனைச்சாவடி இருக்கும் புளியரையில் லாரி வரிசைக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம், மலை ஏற்றத்தில் அசையாமல், போதாததற்கு மாலை போட்டவர்களின் வேன்கள் வேறு. நடை சாத்திவிடுவார்களே என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. அம்மா வாய் திறக்கவில்லை.

கோயில் ரோட்டைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினாள். நீராஞ்சன விளக்கு வழிபாட்டுக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்டார் கவுண்டர்காரர். பூசம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா மலையாளத்தில் "பூயம்" என்றாள். எழுபது வருஷமாக எங்கே வைத்திருந்தாளோ அந்தச் சொல்லை!

சன்னிதியில் நல்ல கூட்டம், முழங்கையால் இடிக்காதவர் இல்லை. தேங்காய் மூடியில் எரிந்த எள்ளுத்திரி வெளிச்சத்தில் அய்யன் முகம் தெரிந்த அந்த ஒரு நொடி, இடித்தவர் யார், தள்ளியவர் யார் ஒன்றும் தெரியவில்லை. "அம்மா குடுக்கச் சொன்னா, கொண்டாந்துட்டேன்" என்று அவரிடம், பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுவதுபோலச் சொன்னாள். உண்டியலில் சக்கரத்தைப் போட்டுவிட்டு ஐந்நூறு ரூபாயையும் மடித்துப் போட்டாள். இது எதற்கு என்றேன்.

"வட்டிடா."

அய்யனே, நீ கேட்கவே இல்லை. காய்ச்சலை இறக்கிவிட்டு, எழுபத்தைந்து வருஷம் பேசாமல் காத்திருந்தாயே, என் அப்பனே! திரும்பப் படி ஏறும்போது அம்மா என் தோளைப் பிடிக்கவில்லை. சாமியே சரணம்.