ஒரு நூல், மூன்று ஆண்டுகள்

‘ரௌரவாகமம்’ என்ற சமஸ்கிருதச் சைவ ஆகம நூலின் மூன்று தொகுதிகளையும் இன்று நூலக மேசையில் அடுக்கிவைத்தேன்.

1961. 1972. 1988.

முதல் தொகுதிக்கும் கடைசித் தொகுதிக்கும் நடுவே 27 வருஷம். பதிப்பாசிரியர் ஒரே ஆள்தான், என்.ஆர்.பட்.

1956இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காகச் சைவச் சுவடிகளைத் திரட்டத் தொடங்கியவர். குருக்கள் வீடுகளிலும் மடங்களிலும் கிடந்த கட்டுகள். ஓலையைத் தர மனமில்லாத இடங்களில் தாளில் படியெடுத்து வந்தார்கள். 2005இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பட்டியலில் ஏறியது புதுச்சேரியின் இந்தச் சைவச் சுவடித் திரட்டுதான்.

ஒரு பக்கத்தை விரித்தேன். மேலே மூலம், நாகரி எழுத்தில். கீழே பொடி எழுத்தில் பாடபேதம். எந்தச் சுவடியில் எந்தச் சொல், எதில் எது விட்டுப்போயிற்று. ஒற்றை எழுத்து மாறினாலும் ஒரு குறிப்பு.

(எனக்குச் சமஸ்கிருதம் தட்டுத் தடுமாறித்தான் வரும். அந்த அடிக்குறிப்புகளைத்தான் கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

ஒரு கட்டுரை மூன்று மாதமாக முடியவில்லையே என்று காலையில்தான் வீட்டில் புலம்பிவிட்டு வந்திருந்தேன்.

"சார், மூடப்போறோம்" என்றார் உதவியாளர்.

1988ஐ இன்னும் பிரிக்கவே இல்லை.