தடித்த தகடா, மெல்லிய இழையா: இரண்டாம் முறை தேறியவனின் குறிப்புகள்

நேற்று தகுதித் தேர்வு முடிவு வந்தது. தேறிவிட்டேன். முதல் முறை எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, வாய்மொழியில் ஒரே கேள்வியில் கவிழ்ந்தவன் நான். எலும்புத் திசுப் பொறியியலில் (புது எலும்பு வளரத் தற்காலிகத் தாங்கல் கொடுக்கும் துறை), உடலுக்குள் சிதையும் பாலிமர் இழைகளைத் தகுதித் தேர்வுக்குத் தலைப்பாக எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேர்வு நடக்கும் விதம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுவோம்.

தேர்வாளர் மேடம் கேட்ட அந்தக் கேள்வி (பி.எல்.ஜி.ஏ. என்பது லாக்டிக், கிளைகாலிக் அமிலப் பங்குகள் கலந்த பாலிமர்) இதுதான்: "ஒரே பி.எல்.ஜி.ஏ.வில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு ஒன்று, 1 மைக்ரான் விட்டமுள்ள இழைகள் கொஞ்சம். எது முதலில் சிதையும்?" யோசிக்கவே இல்லை. "இழைதான் மேடம், பரப்பளவு அதிகம்" என்றேன். போதாதென்று சர்க்கரைக் கட்டி, சர்க்கரைத் தூள் என்று உவமை வேறு. அவர் பேனாவை மூடி வைத்தார்.

நடப்பது தலைகீழ். எஸ்டர் பிணைப்புகளால் கோத்த நீண்ட சங்கிலிகளான இந்தப் பாலியெஸ்டர்களுக்குள் தண்ணீர் சீக்கிரமே ஊறிவிடும். அந்தப் பிணைப்புகள் மேற்பரப்பு, உட்புறம் என்று பார்க்காமல் எங்கும் அறுபடும். அறுந்த முனைகளில் அமிலத் தொகுதிகள் உண்டாகும். தகட்டின் நடுவில் உருவான அமிலம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, மிச்சப் பிணைப்புகளையும் வேகமாக அறுக்கும். இழையிலோ அது உடனே கசிந்து போய்விடும். ஆகவே தகடு புழு அரித்த கட்டை மாதிரி உள்ளிருந்து உளுத்துக்கொண்டிருக்கும்போது இழை தாக்குப்பிடித்து நிற்கும்.

எரிச்சல் என்னவென்றால், சிதைவு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் என்பது என் கைக்கு முன்பே தெரியும். உடல் வெப்பமான 37 டிகிரியில், பஃபர் கரைசலில் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) இழைப் பாயை ஊறப்போட்டு, வாராவாரம் எடுத்து உலர்த்தி எடை போட்டிருக்கிறேன். நான்காம் வாரம் எடை அப்படியே இருந்தது. 'சிதைவு இல்லை' என்று நோட்டில் எழுதினேன். மறுநாள் இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால், காய்ந்த சருகுபோல நொறுங்கியது. முதலில் குறைவது மூலக்கூறு எடை, அப்புறம் வலிமை, கடைசியில்தான் நிறை. துண்டுகள் நீரில் கரையுமளவு சிறிதான பிறகுதான் தராசு காட்டும்.

எனவே இரண்டாம் முறை நான் செய்த ஒரே காரியம்: எந்தக் கேள்வி வந்தாலும் தாளில் மூன்று வளைவுகள் வரைந்தேன், மூலக்கூறு எடை, வலிமை, நிறை. நான்காவதாக, மேலேறும் புது எலும்பு. வலிமை இறங்கும் கோடும் எலும்பு ஏறும் கோடும் எங்கே சந்திக்கின்றன, அதாவது புது எலும்பு சுமையைத் தாங்கும் வரை இழை நிற்குமா என்பதுதான் மொத்தப் பாடமும். நிதானமாகப் பேசுபவர்களுக்கு இது தேவைப்படாமல் போகலாம். நான் அவசரக்காரன், வரைந்தால்தான் வாய் சும்மா இருக்கும்.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- பி.ஜி.ஏ. (கிளைகாலிக் பங்கு மட்டும் உள்ளது) சில வாரங்களில் வலிமை இழக்கும். 50:50 பி.எல்.ஜி.ஏ.வுக்கு (லாக்டிக், கிளைகாலிக் சரிபாதி) ஓரிரு மாதம். பி.சி.எல்.லுக்கு (பாலிகேப்ரோலாக்டோன் என்ற இன்னொரு பாலியெஸ்டர்) 2 ஆண்டுக்கும் மேல். எண்ணோடு காரணத்தையும் சொல்லுங்கள்: பி.ஜி.ஏ.வைவிட பி.எல்.ஜி.ஏ. தாங்குவது ஏனென்றால், லாக்டிக் பங்கில் உள்ள மீத்தைல் தொகுதி தண்ணீரை அண்டவிடாது.
- பி.சி.எல். உருகுநிலை சுமார் 60 டிகிரி, கண்ணாடி நிலைமாற்றம் (கெட்டியான கண்ணாடி நிலையிலிருந்து இளகும் வெப்பநிலை) சுமார் மைனஸ் 60. குழப்பிக்கொள்ள வேண்டாம்.
- செயற்கை உடல் திரவத்தில் (இரத்தத்தின் உப்புகளைப் போலச் செய்த கரைசல்) அபடைட், அதாவது எலும்பில் உள்ள கால்சியம் பாஸ்பேட் தாது, படிந்துவிட்டால் எலும்பு வளரும் என்று அர்த்தமில்லை. அப்படிச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.
- செல் எலும்புச் செல்லாக மாறுவதைக் காட்டும் அடையாளப் புரதங்களில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் முன்னால் வரும், ஆஸ்டியோகால்சின் பின்னால்.
- திசுப் பொறியியல் பற்றி லாங்கரும் வகான்ட்டியும் 1993இல் எழுதிய கட்டுரையின் ஆண்டை நான் மனப்பாடம் செய்தேன். யாரும் கேட்கவில்லை.

இழைகளுக்கு இடையிலான துளை விஷயம் பட்டியலில் அடங்காது. உடலில் இயற்கையாக உள்ள கொலாஜன் புரத நுண்ணிழைகள் 50 முதல் 500 நானோமீட்டர் என்பதால் நானோ இழை நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அடுத்த கேள்வி அங்கேதான் காத்திருக்கும்: "அவ்வளவு நெருக்கமான பாய்க்குள் செல் எப்படி நுழையும்?" நுழையாது. மேலேயே படர்ந்து நிற்கும். எலும்பு உள்ளே வளர 100 மைக்ரான் துளையாவது வேண்டும், 300 இருந்தால் நல்லது. கூடவே பி.இ.ஓ. (நீரில் கரையும் ஒரு பாலிமர்) இழைகளையும் நூற்று, பிறகு தண்ணீரில் கழுவிக் கரைத்து இடம் உண்டாக்கலாம், ஆனால் பாயின் வலிமை குறையும். அந்த 'ஆனால்' இல்லாத பதில் பாதிப் பதில்தான்.

சரி, இரண்டாம் வாய்மொழியில் தகடு-இழைக் கேள்வி வரவே இல்லை. "எலக்ட்ரோஸ்பின்னிங்கில் இழை மணிமணியாக வந்தால்?" என்றார்கள், அதாவது பாலிமர் கரைசலை மின்புலத்தால் இழுத்து இழையாக நூற்கும் முறையில். கரைசலின் செறிவு குறைவு, சங்கிலிகள் போதுமான அளவு பின்னிக்கொள்ளவில்லை, பரப்பு இழுவிசை ஜெயித்துவிடுகிறது, ஆகவே செறிவைக் கூட்டுவேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை தானாகத் தாளை இழுத்து நான்கு வளைவுகளையும் போட்டுவிட்டது.

"இதை யார் கேட்டது?" என்று சிரித்தார் மேடம்.