குமரிக் கரையில் 153 மணிகள்

கன்னியாகுமரிக்கு இதற்கு முன் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை என்று ஓடிவிட்டு, அலங்கார உபகார மாதா கோவிலைத் தூரத்தில் இருந்தே கும்பிட்டுத் திரும்பினேன். அந்தக் குறை மனத்தில் கிடந்தது. இம்முறை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மாதாவிடம்தான் போனேன்.

வெள்ளை வெளேரென்று மூன்று கோபுரங்கள். நடுக்கோபுரம் 153 அடி. கோவிலின் நீளமும் 153 அடிதான். 1900-இல் எழும்பத் தொடங்கிய இந்தக் கோதிக் கோவிலுக்குச் செபமாலையே அளவுகோல் என்கிறார்கள். எனக்கு அம்மாச்சி நினைவு வந்தது. அவர் ‘செபமாலை’ என்று சொல்லமாட்டார். ‘நூற்றைம்பத்து மூன்று மணி’ என்பார். இயேசு, மாதா வாழ்வின் நிகழ்வுகளைத் தியானிக்கும் பதினைந்து தேவ இரகசியங்களுக்குப் பத்துப் பத்தாக 150 ‘அருள் நிறைந்த மரியே’ செபங்கள், தொடக்கத்தில் மூன்று. 2002-இல் ‘ஒளியின் மறையுண்மைகள்’ என்று இன்னும் ஐந்து தேவ இரகசியங்கள் சேர்ந்த பிறகும் கடைசிவரை பழைய கணக்கிலேயே செபித்தார்.

உள்ளே கூர்முனை வளைவுகள் பார்வையைத் தரையில் நிற்கவிடவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன். பின்வரிசையில் ஒரு முதியவர். மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு முழங்காலில் இருந்தார். வலைக்கயிறு அறுத்த தழும்புகள் விரல் நெடுகிலும். அவற்றினூடே மணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

பிறகு அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “கடலில் கிடக்கும்போது கோபுரம் கண்ணில் பட்டால் போதும் மக்களே, பாதிக் களைப்பு போய்விடும்” என்றார்.

அப்போதுதான் பொறி தட்டியது. யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரம். இரவு முழுக்க ஒன்றும் கிடைக்காத சீடர்கள், கரையில் நின்ற இயேசுவின் சொல்கேட்டு வலை வீசுகிறார்கள். அகப்பட்டவை 153 பெரிய மீன்கள், வலையோ கிழியவில்லை. கோவிலைக் கட்டியவர்கள் அந்த மீன்களையும் எண்ணினார்களோ, என்னவோ! மீனவர்களின் தாய்க்கு இதைவிடப் பொருத்தமான அளவு இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

அம்மாச்சியின் கணக்கிலேயே செபமாலையைத் தொடங்கினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே வந்தபோது கரையேறிய வள்ளத்தைச் சுற்றிச் சிலர் வலையிலிருந்து மீன் கழித்துக்கொண்டிருந்தார்கள். முதியவரும் அங்கே நின்றார்.

“முடிந்ததா மக்களே?”

“முடிந்தது பாட்டா.”

தலையசைத்துவிட்டு வலையின் ஓரத்தைப் பிடித்து உதறினார்.