கறுப்புக் கால்மிதி

மெல்போர்னில் முதியோர் இல்ல வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாத்தா என்னைப் பாடாய்ப் படுத்தினார். பாத்ரூம் வாசல் வரை ஒழுங்காக வருவார், அங்கே நின்றுவிடுவார். கையைப் பிடித்து இழுத்தால் கதவு நிலையை இறுக்கப் பற்றிக்கொள்வார். பிடிவாதம் என்றே நினைத்தேன்.

அப்புறம் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்காக இயங்கும் டிமென்ஷியா ஆஸ்திரேலியா அமைப்பு நடத்துவது, பெயர் ஈடி (ரெய்டுக்கு வரும் ஈடி இல்லை). வி.ஆர். ஹெட்செட்டை (கண்ணை மூடி வேறோர் உலகத்தைக் காட்டும் கருவி) மாட்டியதும் நீங்களே டிமென்ஷியா வந்தவர் ஆகிவிடுவீர்கள், ராத்திரியில் எழுந்து பாத்ரூமைத் தேட வேண்டும். சொந்த வீடுதான், ஆனாலும் வழி பிடிபடாது. பிறகு அதே நடை, இந்த முறை வெளிச்சமும் துணைக்கு ஆளும் உண்டு. எனக்கு லேசாகத் தலை சுற்றியது, அது வேறு விஷயம்.

டிமென்ஷியா வந்தவர்களுக்குக் கண் நன்றாக இருந்தாலும், கண் பார்த்ததை மூளை சரியாகப் புரிந்துகொள்ளாமல் போகலாம். வெளிர் தரையில் கிடக்கும் கறுப்புத் துண்டு குழியாகத் தெரியலாம். அப்போதுதான் தாத்தாவின் பாத்ரூம் வாசலில் கிடந்த கறுப்புக் கால்மிதி ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் அந்த மனிதரைக் குழிக்குள் இழுத்திருக்கிறேன்.

மறுநாளே எடுத்துவிட்டேன். அன்றைக்கும் நின்றார். மூன்றாம் நாள் தானாக உள்ளே போனார், ஆனால் எல்லா நாளும் போவதில்லை. வெள்ளைச் சுவரோரம் வெள்ளை டாய்லெட் கண்ணுக்குப் பிடிபடாது, கலர் சீட் போடுங்கள் என்று கேட்டு எட்டு மாதமாகிறது. பொறுமையாக நடத்திக் கூட்டிப்போகக் கற்றுக்கொடுத்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு முன் எட்டுப் பேரைத் தயார்செய்யச் சொன்னால் எப்படி? நிர்வாகத்துக்கு மாட்டிவிட ஒரு ஹெட்செட் இருந்தால் தேவலை.

கும்பகோணத்தில் அம்மாவுக்கும் இதே நோய், பார்த்துக்கொள்வது அண்ணி. பிரிட்டனின் அல்சைமர்ஸ் ரிசர்ச் யுகே 2016இல் வெளியிட்ட ‘எ வாக் த்ரூ டிமென்ஷியா’ 360 டிகிரி வீடியோக்கள் யூடியூபில் இருக்கின்றன, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலே போதும். அதில் தெருவில் தேங்கிய தண்ணீர் பள்ளமாகத் தெரியும் காட்சி ஒன்று. இங்கிலீஷ்தான், இருந்தாலும் அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் அண்ணி கூப்பிட்டார். “அதான் அத்தை மொசைக் பூவைக் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குறாங்களா? நான் வேற தினம் திட்டுறேன்.”

மேலே துணி விரிக்கட்டுமா என்றார். வேண்டாம் அண்ணி, கால் தடுக்கும் என்றேன். தரையை மாற்ற எவ்வளவு ஆகும் என்று அண்ணன் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.